மழைக்கு முன் 72 மணி நேரம்

கலிஃபோர்னியாவில் ஒரு ஏக்கர் நிலத்தைக் கிளறிக் கட்டடம் எழுப்ப நினைத்தால், மண்வாரி இயந்திரம் உள்ளே நுழைவதற்கு முன்பே மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மழைநீர் பெர்மிட்டுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு ஏக்கர் என்பது நூறு சென்ட். சென்னைக் கணக்கில் பதினெட்டு கிரவுண்டு சொச்சம். மனைகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கட்டுகிறேன் என்று சொல்லியும் நழுவ முடியாது. மொத்தத் திட்டம் ஒரு ஏக்கரைத் தொட்டால் அதற்குள் அடங்கிய சிறு மனைக்கும் பெர்மிட் உண்டு. எத்தனை மாடி, எத்தனை கார் நிறுத்தலாம் என்பதெல்லாம் வேறு அலுவலகங்களின் கவலை. இந்தப் பெர்மிட்டுக்கு உள்ள முதல் கவலை, கட்டுகிற காலத்தில் மழை பெய்தால் அந்தச் சேறு எங்கே போகும் என்பது.

இதை நம்பியே பிழைக்கிற ஒரு தொழில் அங்கே இருக்கிறது. திருச்சியில் சிவில் படித்துவிட்டு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் போன தமிழ்ப் பெண்மணி ஒருவர் வெகுகாலமாக அதில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. ஒப்பந்ததாரர்களோடு அன்றாடம் முகம் பார்த்துப் பேச வேண்டியவர். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா இப்போதும் “கட்டடம் கட்டுறா” என்றுதான் சொல்வாராம். அவர் எதையும் கட்டுவதில்லை. மற்றவர்கள் கட்டும்போது கிளம்பும் சேற்றை வேலிக்குள் நிறுத்துவதுதான் அவர் சம்பளத்துக்கான வேலை.

இந்த வேலையில் இரண்டு படிகள் உண்டு. திட்டத்தை எழுதுகிறவர் ஒருவர். அதைத் தளத்தில் நடத்திக் காட்டுகிறவர் இன்னொருவர். இருவருக்கும் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் தனித்தனி. அவர் இரண்டாவதில் தொடங்கி முதலாவதுக்குப் போனவர். அப்படிப் போனதுதான் சரியான வரிசை என்பது அவர் கட்சி. சேற்றில் பூட்ஸ் புதையாதவர் எழுதிய திட்டத்தை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்.

அந்தத் திட்ட ஆவணத்தைத் தளத்தில் எல்லோரும் ‘ஸ்விப்’ என்பார்கள். மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் என்ற நீண்ட பெயரின் சுருக்கம். தளத்து டிரெய்லர் அலுவலகத்தில் அது கையெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். எங்கே சரிவு, தண்ணீர் எந்த மூலையில் வெளியேறும், எந்தச் சாக்கடை வாய் எந்த ஓடையில் போய்ச் சேரும், டீசல் எங்கே வைக்கப்படும், காங்கிரீட் வண்டி எங்கே கழுவப்படும் என்பதெல்லாம் வரைபடத்தோடு அதில் இருக்கும். இருக்க வேண்டும். வேறொரு ஊரின் தெருப்பெயர் தப்பித்தவறி ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்விப்புகளையும் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பழைய திட்டத்தைத் திறந்து, பெயரை மாற்றி, புதிதென்று விற்கிற ஆலோசகர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு.

திட்டம் எழுதும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். கணக்கு விவசாயத்திலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண் துறையில் வால்டர் விஷ்மையர், ட்வைட் ஸ்மித் என்ற இருவர், உழுத நிலத்திலிருந்து வருடத்துக்கு எவ்வளவு மண் அரித்துப் போகும் என்பதற்கு ஒரு பெருக்கல் வாய்பாட்டை உருவாக்கி 1965ல் கையேடாக வெளியிட்டார்கள். மழை எவ்வளவு பலமாக அடிக்கும், மண் எவ்வளவு எளிதில் இளகும், சரிவு எவ்வளவு நீளம், எவ்வளவு செங்குத்து – இவற்றைப் பெருக்கினால் ஏக்கருக்கு இத்தனை டன் என்று விடை வரும். கலிஃபோர்னியா பெர்மிட் அதன் திருத்திய வடிவத்தை எடுத்துக்கொண்டது. 15 டன்னுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 75 டன்னும் அதற்கு மேலும் என்றால் அதிகம். தண்ணீர் போய்ச் சேரும் ஓடையில் மீன் முட்டையிடுகிறதா, அந்த ஓடை ஏற்கெனவே வண்டலால் கெட்டது என்று அரசுப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத் தளத்துக்கு 1, 2, 3 என்று ஓர் எண் கொடுப்பார்கள். 3 வாங்கியவருக்குச் செலவு அதிகம். அதனால்தான் வேலை எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடியும் என்பதில் பேரம் நடக்கும். மழையில்லாத கோடையில் முடித்துவிடுகிறேன் என்று காகிதத்தில் எழுதினால் மழைக்கான எண் சுருங்கும், ஆபத்தும் ஒரு படி இறங்கும். காகிதத்தில் செப்டம்பரில் முடிந்த வேலை நிலத்தில் டிசம்பரில் நடந்துகொண்டிருப்பதை அவர் பார்க்காத வருடம் இல்லை.

மீனுக்கும் சேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று புது ஒப்பந்ததாரர்கள் கேட்பார்கள். சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் ஓடைப் படுகையின் கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடுகின்றன. கற்களின் இடுக்கு வழியாக ஓடும் தண்ணீர்தான் முட்டைக்கு மூச்சுக்காற்று. மெல்லிய வண்டல் படிந்து இடுக்கு அடைபட்டால் முட்டை உள்ளேயே செத்துவிடும். கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து வந்த மீனின் உழைப்பு, மேட்டில் யாரோ கட்டும் வீட்டின் முற்றத்து மண்ணால் வீணாகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் ஒப்பீடு இது: கட்டுமானத் தளத்திலிருந்து போகும் மண், விவசாய நிலத்திலிருந்து போவதைவிட 10 முதல் 20 மடங்கு, காட்டிலிருந்து போவதைவிட 1,000 முதல் 2,000 மடங்கு.

கலிஃபோர்னியாவுக்குச் சேறு புதிய வழக்கும் அல்ல. தங்க வேட்டையின்போது 1850களில் சியரா நெவாடா மலைகளில் ராட்சதக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தார்கள். கரைந்த மண் யூபா ஆற்றுப் படுகையை உயர்த்தியது. மேரிஸ்வில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்சோ சாயர், ஆற்றில் மண்ணைக் கொட்டக் கூடாது என்று சுரங்கக் கம்பெனிகளுக்குத் தடை விதித்தார். தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசம் அந்த மண்ணோடு சேர்ந்து இறங்கி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் அடியில் இன்றும் கிடக்கிறது. ஆற்றில் மண் விடுவது பிறர் சொத்தைக் கெடுப்பது என்று அந்த மாநிலம் புரிந்துகொண்டு ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மண்வாரி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அது புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் மறுத்தும் நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அது முதலில் பிடித்தது தொழிற்சாலைக் குழாய்களை. 1987 திருத்தம்தான் மழைநீரையும் உள்ளே கொண்டுவந்தது. 1990ல் ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானத் தளங்கள். 1999ல் எழுதப்பட்டு 2003ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு ஏக்கர். சில மாநிலங்களுக்கு மத்திய முகமையே பெர்மிட் தருகிறது. கலிஃபோர்னியா தனக்கென்று எழுதிக்கொண்டது, கொஞ்சம் கறாராக. 2009ல் ஏற்று 2010 ஜூலையில் வந்த பெர்மிட் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியது. 2022 செப்டம்பரில் ஏற்கப்பட்ட புதியது 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது.

புதிய பெர்மிட்டின்படி இந்தத் தொழில்காரர்களின் கடிகாரம் ஓடுவது வானிலை அறிவிப்பை வைத்துத்தான். 24 மணி நேரத்தில் அரை அங்குலமோ அதற்கு மேலோ மழை வர 50 சதவீதம் வாய்ப்பு என்று தேசிய வானிலைச் சேவை சொன்னால் அது கணக்கில் வரும் மழை. மழைக்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் தளத்தை முழுதாகச் சுற்றிப் பார்த்துக் குறை எழுத வேண்டும். மழை பெய்யும்போது நாள்தோறும் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு இன்னொரு முறை. மழையே இல்லாவிட்டாலும் வாராவாரம் ஒரு சுற்று உண்டு. பழைய பெர்மிட் தந்தது 48 மணி நேரம். கூடுதலாகக் கிடைத்த ஒரு நாள் பெரிதா என்று கேட்டால், “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைக்கோல் கிடைக்குமான்னு தேடிப் பாருங்க, தெரியும்” என்கிறார்.

அந்தக் கடைசி மணி நேரங்களில் ஒரு தளம் எப்படி இருக்கும்? குவித்த மண்ணின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் பறக்காமல் சரளை மூட்டை வைப்பார்கள். சாக்கடை வாய்களைச் சுற்றிச் சரளைப் பைகளை அடுக்குவார்கள். தளத்து வாசலில் லாரிச் சக்கரத்துச் சேற்றை உதறுவதற்காகப் பரப்பிய பெருஜல்லி மண்ணோடு மண்ணாகியிருந்தால் புதிதாகக் கொட்டுவார்கள். அதற்குக் குறைந்தது ஐம்பது அடி நீளம் வேண்டும். சரிவுகளில் சம உயரக் கோட்டை ஒட்டி வைக்கோல் உருளைகளைப் பதித்து ஆப்பு அடிப்பார்கள். மேலே வெறுமனே கிடத்தினால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். சின்னப் பள்ளம் பறித்துத்தான் பதிக்க வேண்டும். வளைகுடாப் பகுதியில் அழியும் நிலையில் உள்ள ஒரு பாம்பினம் இருக்கிறது. உருளையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வலையில் பாம்பு சிக்கிச் சாகும் என்பதால் சணல் வலை சுற்றியதைத்தான் வாங்கச் சொல்வார்கள். இவ்வளவையும் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்கள். பெர்மிட் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த இடைவெளியில் விழுந்து போகும் மண் நிறைய என்பதால், முதல் சில வருடங்களிலேயே அவர் வேலைக்கு வேண்டிய அளவு ஸ்பானிஷ் கற்றுக்கொண்டுவிட்டார்.

எல்லோரும் முதலில் கேட்பது வேலியைத்தான். கறுப்பு நிறத் துணியை மரக்குச்சிகளில் இழுத்துக் கட்டிய சில்ட் ஃபென்ஸ். அமெரிக்காவில் வீதி வழியே போகிறவருக்குக் கட்டுமானத் தளத்தின் அடையாளமே அது. அது சேற்றை வடிகட்டும் என்பது பரவலான நம்பிக்கை. வடிகட்டாது. தண்ணீரைத் தேக்கி நிறுத்தும். தேங்கிய தண்ணீரில் கனமான மண் கீழே படியும். அவ்வளவே. அதனால் துணியின் அடிப்பாகம் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், இரு முனைகளும் மேட்டுப் பக்கமாக வளைந்திருக்க வேண்டும், வண்டல் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்ததும் அள்ளிவிட வேண்டும். சரிவில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் கட்டிய வேலி தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. இப்படிக் கட்டியவற்றைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். அந்தக் கம்பெனி வேலி கட்டியதற்கு ரசீது வைத்திருக்கும், பெர்மிட் புத்தகத்தில் டிக் அடித்திருக்கும்.

அவர் சொல்லித் தருவதெல்லாம் வேறு. கிளம்பிய மண்ணைப் பிடிப்பது கஷ்டம், கிளம்பாமல் வைப்பது சுலபம். வெறும் மண்ணில் மழைத்துளி விழும் அடியே முதல் சேதம். அதை வாங்கிக்கொள்ள மேலே ஏதாவது கிடந்தால் பாதி வேலை முடிந்தது. பெர்மிட்டும் இதையே கேட்கிறது: 14 நாள் கை வைக்கப் போவதில்லை என்ற இடத்தை மூடிவிடு. ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வைக்கோல் போதும். சரிவு அதிகமானால் மரநாரும் விதையும் பசையும் கலந்த பச்சைக் கூழைக் குழாயால் பீய்ச்சுவார்கள். அந்தப் பசைக்கு வழக்கமாகப் பயன்படும் பொருள்களில் ஒன்று இசப்கோல் தூள், இன்னொன்று கொத்தவரை இனத்துக் குவார் கோந்து. இரண்டுக்கும் உலகத்துக்குப் பெரிய சப்ளை இந்தியா. நம் வீட்டில் வயிற்றுக்குக் கரைத்துக் குடிக்கிற அதே சாமான் கலிஃபோர்னியா மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டிருப்பதை அவர் முதலில் மூட்டையின் மேல் படித்துத் தெரிந்துகொண்டார்.

2022 டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரங்களுக்குள் ஒன்பது ‘வளிமண்டல ஆறுகள்’ கலிஃபோர்னியா மேல் அடுத்தடுத்து வந்து கொட்டின. பசிபிக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் நீண்ட பட்டைகளுக்கு வானிலைக்காரர்கள் வைத்த பெயர் அது. டிசம்பர் 31 அன்று ஒரே நாளில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 5.46 அங்குலம், கிட்டத்தட்ட 139 மில்லிமீட்டர். பருவமழைக்குப் பழகிய நமக்கு அது பெரிய எண்ணாகத் தோன்றாது; அந்த நகரத்தின் மழைப் பதிவேட்டில் அது இரண்டாவது இடம் பிடித்தது.

அந்த மழையில் அவர் கையில் இருந்தது குன்றுச் சரிவில் வீடுகள் எழும் ஒரு தளம். களிமண். வளைகுடாவின் கிழக்குக் குன்றுகளில் அதுதான் கிடைக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் கூழாகும். சாலையைப் பார்த்த சரிவு முழுக்க அக்டோபரிலேயே கூழ் பீய்ச்சி மூடியாகிவிட்டது. பின்பக்கச் சரிவில் ஜனவரியில் மறுபடியும் மண் வெட்ட வேண்டியிருக்கிறது, இப்போது மூடினால் பணம் வீண் என்று தள மேலாளர் சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் ‘சூப்பர்’ என்பார்கள், சூப்பரின்டென்டென்ட்டின் சுருக்கம். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தாயிற்று, புகைப்படம் எடுத்தாயிற்று. அதற்கு மேல் ஆய்வாளருக்கு அதிகாரம் கிடையாது. வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது. நிறுத்த வேண்டியிருக்கும் என்று சொல்லத்தான் முடியும். இந்தத் தொழிலில் மனசுக்கு ஒவ்வாத இடம் இதுதான்: யாருடைய தவறை எழுத வேண்டுமோ அவரே சம்பளமும் கொடுக்கிறார்.

மாதிரி எடுக்க அவரோடு போனவர் புதிதாகச் சேர்ந்திருந்த மதுரைப் பையன். முன்பக்கக் குழாய் வாயில் பிடித்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, கலங்கல்மானி இரட்டை இலக்கத்தில் நின்றது. அந்தச் சரிவிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒன்று கழன்று ஒரு நீண்ட கீறல் விழுந்திருந்தது. பின்பக்கத்தில் கதை வேறு.

“அக்கா, மெஷின் நம்பரே காட்ட மாட்டேங்குது. ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்லப்பா. ஆயிரத்துக்கு மேல போனா அது காட்டாது. நல்ல தண்ணிய ஊத்தி அளவா கலந்து மறுபடி பாரு. எத்தனைக்கு எத்தனை கலந்தேன்னு எழுதி வச்சுக்கோ.”

கலங்கல்மானி வேலை செய்யும் விதம் எளிது. கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை வைத்து ஒளிக்கற்றையைச் செலுத்தி, செங்குத்துத் திசையில் எவ்வளவு ஒளி சிதறுகிறது என்று பார்க்கும். அதன் அலகு என்.டி.யு. நல்ல குடிநீர் 1க்குக் கீழே. பெர்மிட்டில் தளத்திலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு நடவடிக்கை எல்லை 250; கார அமில அளவு 6.5க்கும் 8.5க்கும் இடையில். குப்பியில் விரல் ரேகை பட்டாலும் எண் ஏறும் என்பதால் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் வைக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டே இதைச் செய்வது எப்படியென்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. கார அமில அளவை மாதிரி எடுத்துக் கால் மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அதனால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. காரின் பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் நிழலில்தான் ஆய்வுக்கூடம்.

250 என்பது தாண்டினால் உடனே தண்டனை என்ற எல்லை அல்ல. தாண்டினால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து, வாரியத்தின் இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 2009 பெர்மிட்டில் ஆபத்து மிகுந்த தளங்களுக்கு 500 என்ற கண்டிப்பான உச்சவரம்பும் இருந்தது. கட்டுமானத் தொழில் சங்கத்தினர் சாக்ரமெண்டோ நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2011 டிசம்பரில் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மத்திய முகமை 2009ல் அறிவித்த 280 என்.டி.யு. வரம்பும் இப்படித்தான்: முதலில் நிறுத்திவைக்கப்பட்டது, 2014ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எண் இருந்தால் சண்டை எளிது என்று இவர் போன்றவர்கள் நினைத்தார்கள். அந்த எண்ணுக்கு என்ன அடிப்படை என்று எதிர்த்தரப்பு கேட்டது. கேள்வி நியாயமானதுதான், ஒவ்வொரு ஓடைக்கும் இயற்கையிலேயே கலங்கல் வேறு. ஆனால் எண் போனதில் லாபம் யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

பின்பக்கச் சரிவின் தண்ணீரை வண்டல் குட்டையில் தேக்கினார்கள். காத்திருந்தால் தெளிந்துவிடும் என்று சூப்பர் நம்பினார். மணல் என்றால் தெளியும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம். வண்டல் துகளுக்குச் சில மணி நேரம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான களித்துகளுக்கோ, அசையாத தண்ணீரில்கூட ஏறக்குறைய பதின்மூன்று நாள். ஒன்பது புயல் வரிசைகட்டி நிற்கும்போது பதின்மூன்று நாளுக்கு எங்கே போவது? களித்துகள்கள் ஒரே மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். அதற்கு மாறான மின்னூட்டம் உள்ள எதையாவது சேர்த்து அவற்றைத் திரளவைத்தால்தான் கனம் கூடி இறங்கும்.

நம் ஊரில் மண்பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்த பாட்டிகள் செய்தது இதே வேலைதான். அமெரிக்க மேற்குக்கரைத் தளங்களில் அந்த இடத்தில் இருப்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான். வித்தியாசம், பாட்டி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அங்கே கைட்டோசான் மாதிரி ரசாயனத்தைச் சேர்ப்பதற்குத் தனித் திட்டம், தனி ஒப்புதல், தனி அளவீடு எல்லாம் வேண்டும். அளவு மீறினால் அது களியை விட்டுவிட்டு மீனின் செவுளில் போய் ஒட்டும். மண்ணுக்குச் செய்த வைத்தியம் மீனைக் கொல்லக் கூடாது என்ற அந்தக் கட்டுப்பாட்டை அவர் மனதார ஆதரிக்கிறார். கடைசியில் அந்தத் தளத்துக்கு வாடகைத் தொட்டிகளும் வடிகட்டிகளும் வந்தன. ஆன செலவில் பின்பக்கச் சரிவைப் பலமுறை மூடியிருக்கலாம். அடுத்த அக்டோபரில் சூப்பரே போன் செய்து வைக்கோல் கேட்டார். அதைத்தான் அவர் தன் தொழில் வாழ்க்கையின் பெரிய பாராட்டாகச் சொல்கிறார்.

சேற்றைப் பற்றியே பேசினால் காங்கிரீட் தப்பித்துவிடும். கலவை வண்டியின் சரிவுத்தட்டைக் கழுவிய தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். கார அளவு 12ஐத் தாண்டும். தோலைப் புண்ணாக்கும், ஓடையில் போனால் மீன் மிதக்கும். அதற்காகவே பிளாஸ்டிக் விரித்த தொட்டி ஒன்று ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். ஓட்டுநருக்கு அவசரம், தொட்டி தளத்தின் மறுமூலையில், பக்கத்திலேயே சாக்கடை வாய். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. திட்டத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் தொட்டியை ஓட்டுநர் திரும்பும் வழியில் வைக்காவிட்டால் பயனில்லை என்பதைத் தன்கீழ் வேலை செய்கிறவர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிவிடுகிறார்.

இத்தனையையும் ஒப்பந்ததாரர்கள் எதற்காகச் செய்கிறார்கள்? மீன்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. கலிஃபோர்னியா நீர்ச் சட்டப்படி நாளுக்கு 10,000 டாலர் வரை அபராதம் போடலாம். வெளியேறி, அள்ளப்படாமல் போன தண்ணீர் 1,000 காலனைத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு காலனுக்கும் 10 டாலர் வரை. மத்தியச் சட்டத்தில் நாளுக்கான உச்சம் 2025ல் 68,000 டாலரையும் தாண்டிவிட்டது. பெரிய பெயர்களும் பட்டியலில் உண்டு: கட்டுமான மழைநீர் விதிமீறலுக்காக வால்மார்ட் 2004ல் 31 லட்சம் டாலரும், ஹோம் டிப்போ 2008ல் 13 லட்சம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. அதே 2008ல் சென்டெக்ஸ், கே.பி. ஹோம், பல்ட்டி, எம்.டி.சி. என்ற நான்கு வீடு கட்டும் கம்பெனிகள் சேர்ந்து 43 லட்சம் டாலர் அளவுக்கு.

ஆனால் அபராதத்தைவிட வேறொன்று அதிகம் வேலை செய்கிறது என்பது அவர் அனுபவம். திட்டம், வரைபடம், மாதிரி எண்கள், ஆண்டறிக்கை எல்லாம் ‘ஸ்மார்ட்ஸ்’ என்ற பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். தூய நீர்ச் சட்டத்தின் ஒரு பிரிவு, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமக்களே வழக்குப் போட அனுமதிக்கிறது. அரசு ஆய்வாளர் வராமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் மழைநாளில் போனோடு வந்து நிற்பார். தன் ஓடை பழுப்பாக ஓடுவதைப் படம் பிடித்து அனுப்பிய ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பற்றி அவர் மரியாதையோடு பேசுகிறார். அந்தப் படத்துக்கு முன் எழுதிய கடிதங்களுக்கு யாரும் பதில் போட்டதில்லை.

குறையும் உண்டு. அரை அங்குல மழைக்கு முன் தளம் முழுக்கப் பார்த்துப் படிவம் நிரப்பும் நேரத்தில், பாதி படிவத்துக்கே போய்விடுகிறது. ஒன்றுமே மாறாத, புல் முளைத்து மூடிய தளத்துக்கும் வெட்டிப் போட்ட தளத்துக்கும் ஒரே படிவம். காகிதம் பெருகப் பெருக, நிலத்தைப் பார்க்கும் கண் சோம்பேறியாகிறது என்கிறார். படிவத்தைப் பாதியாக்கிவிட்டு, மூடாமல் கிடக்கும் மண்ணின் பரப்புக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கினால் போதும், எல்லோரும் தானாகவே மூடுவார்கள் என்பது அவருடைய யோசனை. இப்போதைய ஆண்டுக் கட்டணம் ஏக்கரைப் பொறுத்தது. மூடியது, மூடாதது என்ற பேதம் அதற்குத் தெரியாது.

வீடு கட்டி முடிந்து, சாவி கொடுத்து, குடிவந்து, பால் காய்ச்சின பிறகும் இந்தப் பெர்மிட் தானாக முடிவதில்லை. கிளறிய மண் முழுவதும் நிலைப்பட்டிருக்க வேண்டும். செடி வளர்ப்பதாகச் சொல்லியிருந்தால் 70 சதவீதப் பரப்பு மூடியிருக்க வேண்டும். தற்காலிக வேலிகளும் உருளைகளும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கெல்லாம் படம் வைத்து, முடிப்பு அறிவிப்பு கொடுத்து, வட்டார வாரியம் ஏற்றால்தான் கணக்கு மூடும். அதுவரை வருடாவருடம் கட்டண ரசீது வரும், ஆண்டறிக்கையும் போட வேண்டும். கட்டடத்தை விற்றுவிட்டு, முடிப்பு அறிவிப்பை மறந்துவிட்டு, வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கும்போது அந்த ரசீதைப் பார்த்துப் பதறிப் போன் செய்கிற முதலாளிகளுக்காகவே அவர் ஜூன், ஜூலையில் சில நாட்களைக் காலியாக வைத்துக்கொள்கிறார்.